எது மூலம், எது படி? டி.என்.ஏ.வின் பிழைதிருத்தம் குறித்து ஓர் ஐயம்

அல்சூர் மெய்ப்பாளர்
அனைவருக்கும் வணக்கம். சிக்பேட்டையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன் நான். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பேர்த்தியின் உயிரியல் பாடநூலை அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு சென்ற வாரம் படித்தேன். உயிரணு பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது என்றும், படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தத் தனி நொதிகள் இருக்கின்றன என்றும் அதில் கண்டிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் தொழிலில் கையெழுத்துப் படி இடப்பக்கம் இருக்கும், அச்சடித்த மெய்ப்பு வலப்பக்கம் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் மெய்ப்பைத்தான் திருத்துவோம். டி.என்.ஏ.விலோ இரண்டு இழைகளும் ஒரே பொருளால் ஆனவை, ஒன்றையொன்று தழுவிக் கிடப்பவை. அதன் எழுத்துகள் நான்கே; அடினைனுக்கு எதிரே தைமினும் குவானைனுக்கு எதிரே சைட்டோசினும் நிற்பதே முறை. அடினைனுக்கு எதிரே தைமின் இருக்க வேண்டிய இடத்தில் சைட்டோசின் இருந்தால், இரண்டில் ஏதோ ஒன்று தவறு என்பது வரை தெரியும். எது தவறு என்று நொதிக்கு யார் சொன்னது? சரியான எழுத்தை அழித்துத் தவறான எழுத்துக்குத் துணையாக வேறொன்றை வைத்துவிட்டால் பிழை நிலைபெற்றுவிடுமே. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பார்கள். இங்கே திருத்துபவனும் சேர்ந்து கெடுக்க வாய்ப்புண்டு. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கினார்கள். உயிரணுவின் கையில் இருப்பவை இரண்டே ஏடுகள். விளக்கம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

யஷ்வந்த்பூர் ஆய்வாளர்
ஐயா, மூலக்கூறு உயிரியலில் வேலை செய்பவள் நான். நீங்கள் கேட்டிருப்பது இத்துறையினர் பல ஆண்டுகள் உழைத்து விடை கண்ட கேள்வி. நேரே விடைக்குப் போனால் பாதிதான் விளங்கும் என்பதால், படியெடுப்பு எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1953-இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டபோதே, இழைகள் பிரிந்து ஒவ்வொன்றும் புதுத் துணையைப் பெறலாம் என்ற ஊகம் எழுந்துவிட்டது. அதை நிறுவியவர்கள் மெசல்சனும் ஸ்டாலும், ஆண்டு 1958. எடை மிகுந்த நைட்ரஜன்-15 கலந்த உணவில் ஈ.கோலை பாக்டீரியாவைப் பல தலைமுறைகள் வளர்த்துவிட்டு, திடீரென்று சாதாரண நைட்ரஜன்-14 உள்ள உணவுக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் கிடைத்த டி.என்.ஏ. முழுவதும் இரண்டுக்கும் இடைப்பட்ட எடையில் இருந்தது. அடுத்த தலைமுறையில் பாதி இடைப்பட்ட எடையிலும் பாதி குறைந்த எடையிலும் இருந்தது. ஆக, ஒவ்வொரு புதிய சுருளிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. உங்கள் கேள்வியில் வரும் 'மூலம்' அந்தப் பழைய இழைதான், 'படி' அந்தப் புதிய இழைதான்.

இனிக் கணக்கு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தவற்றைச் சேர்த்தால் நம் உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 640 கோடி எழுத்திணைகள் உள்ளன. படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி சரியான எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனமாக இருந்தால், சுமார் ஒரு லட்சத்துக்கு ஒரு பிழை நேரும். அதாவது ஒவ்வொரு பிரிவிலும் 64,000 பிழைகள். ஆனால் அதே நொதியில் இன்னொரு பகுதி, இப்போதுதான் வைத்த எழுத்து சரியாகப் பொருந்தவில்லை என்றால் அதை வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் வைக்கச் செய்கிறது. பிழை ஒரு கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது, மீதி 640. அதன் பிறகு பின்னால் வரும் தனிக் குழு ஒன்று, தப்பியவற்றைத் தேடித் திருத்துகிறது. முடிவில் நூறு கோடிக்கு ஒன்று, அல்லது அதனினும் குறைவு. உங்கள் ஐயம் இந்த மூன்றாம் நிலையைப் பற்றியது. முதல் இரண்டு நிலைகளில் அந்தச் சிக்கலே எழாது, ஏனென்றால் வளர்ந்துகொண்டிருக்கும் முனைதான் புதியது என்பது நொதியின் பிடியிலேயே தெரிகிறது.

ஒயிட்ஃபீல்ட் பொறியாளர்
கணினிச் சேமிப்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஐயாவின் ஐயம் எனக்கு மிகவும் பழக்கமானது. ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் எழுதி வைப்போம். இரண்டும் வேறுபட்டால் கோளாறு என்று தெரியுமே தவிர, எந்த வட்டில் என்று தெரியாது. அதற்காகத்தான் மூன்றாவது படியோ சரிபார்ப்பு எண்ணோ வைக்கிறோம். டி.என்.ஏ.வில் சரிபார்ப்பு எண் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

படித்தது நினைவிருக்கிறது: ஆர்தர் கோர்ன்பெர்க் 1956-இல் கண்டுபிடித்த பாலிமரேஸ்-1 தான் படியெடுக்கும் நொதி, அதற்காக அவருக்கு 1959-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதியின் வேகம் என்ன என்று யாராவது சொன்னால், 640 கோடி எழுத்துகளை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட விரும்புகிறேன். (சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் நேரத்துக்கு நல்ல வேலை.)

ஜயநகர் ஆசிரியை
தம்பி, நோபல் பரிசு சரி, ஆண்டும் சரி. ஆனால் ஈ.கோலையில் முதன்மையாகப் படியெடுப்பது பாலிமரேஸ்-1 அன்று. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். பின்னர் வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டேன். 1969-இல் பவுலா டி லூசியாவும் ஜான் கெய்ர்ன்சும் அந்த நொதி ஏறக்குறைய முழுவதும் செயலிழந்த ஒரு ஈ.கோலை வகையைக் கண்டெடுத்தார்கள். அது வழக்கம்போல் பெருகியது. ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் மற்றவற்றைவிட எளிதில் செத்தது. ஆகவே பாலிமரேஸ்-1 பெரும்பாலும் பழுதுபார்ப்பவர். நெடும்பாதையை எழுதி முடிப்பது பாலிமரேஸ்-3. கோர்ன்பெர்க் கண்டெடுத்தது எழுத்தரை என்று உலகம் எண்ணியது, கிடைத்ததோ பெரும்பாலும் கொத்தனார்.

வேகம்: பாக்டீரியாவில் நொடிக்குச் சுமார் 1,000 எழுத்துகள். மனித உயிரணுவில் ஒரு கவையில் (இழைகள் பிரிந்து படியெடுப்பு நடக்கும் இடத்தில்) நொடிக்கு 50 என்ற அளவில்தான். நம் முதலாம் குரோமோசோமின் நீளம் ஏறத்தாழ 25 கோடி எழுத்திணைகள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் தொடங்கி இரு பக்கமும் போனாலும் ஒரு மாதம் ஆகும், கணக்கிட்டுப் பாருங்கள். உண்மையில் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் எல்லாக் குரோமோசோம்களும் முடிந்துவிடுகின்றன, ஏனெனில் பல்லாயிரம் இடங்களில் ஒரே காலத்தில் வேலை தொடங்குகிறது.

அல்சூர் மெய்ப்பாளர்
இருவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா தம் பிழையைத் தாமே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மெய்ப்பாளர்கள் அதைச் செய்வது அரிது. பாடநூலில் இன்னோர் இடமும் உறுத்துகிறது. ஓர் இழை தொடர்ச்சியாக எழுதப்படுகிறதாம். மற்றதோ துண்டு துண்டாகப் பின்னோக்கி எழுதப்பட்டுப் பிறகு ஒட்டப்படுகிறதாம். இரண்டையும் தொடர்ச்சியாக எழுதினால் என்ன கெட்டுவிடும்? இவ்வளவு கவனமாக இருக்கும் உயிரணு இப்படி ஒட்டுவேலை செய்வானேன்?

யஷ்வந்த்பூர் ஆய்வாளர்
இந்த ஒட்டுவேலைக்கான காரணமே பிழைதிருத்தம்தான் ஐயா. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த பகுதி என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. பாலிமரேஸ் ஒரே திசையில்தான் எழுதும். சுருள் பிரிந்துகொண்டே போகும்போது ஓர் இழையில் அந்தத் திசை முன்னோக்கி அமைகிறது. மற்ற இழையில் பின்னோக்கி அமைகிறது. பின்னோக்கிய இழையில், கொஞ்சம் பிரியக் காத்திருந்து ஒரு துண்டு, மீண்டும் காத்திருந்து இன்னொரு துண்டு என்று எழுத வேண்டியதாகிறது. இந்தத் துண்டுகளைக் காட்டியவர்கள் ஜப்பானின் நகோயாவில் பணியாற்றிய ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி ட்சுனெகோ ஒகசாகியும், 1960-களின் பிற்பாதியில். பாக்டீரியாவில் துண்டு ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,000 எழுத்துகள், நம்மிடம் 100 முதல் 200 வரை. ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர், சிறுவனாக இருந்தபோது அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-இல் 44 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 

சரி, இரண்டு திசையிலும் எழுதும் நொதிகளை இயற்கை ஏன் உண்டாக்கவில்லை? ஒவ்வொரு புதிய எழுத்தும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்துகொண்டு வருகிறது. அவற்றில் இரண்டு உடைந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலால்தான் எழுத்து இழையோடு பிணைகிறது. வருபவர் தம் கட்டுச்சோற்றைத் தாமே கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறான எழுத்து பிணைந்துவிட்டால், அதை வெட்டி எறியலாம். அடுத்து வருபவர் தம் ஆற்றலோடு வருவார், வேலை நிற்காது. எதிர்த் திசையில் இழை வளர்ந்திருந்தால், அந்தப் பாஸ்பேட்டுகள் வளரும் இழையின் முனையில் இருந்திருக்கும். அங்கே ஓர் எழுத்தை வெட்டினால் ஆற்றலும் சேர்ந்து போய்விடும், முனை செத்துவிடும். அதாவது, எழுதிக்கொண்டே அழிக்கும் வசதி ஒரு திசையில்தான் இயல்பாகக் கிடைக்கிறது. அந்த வசதிக்காக, பாதி வேலையைத் துண்டுகளாகச் செய்யும் தொல்லையை உயிரணு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

துண்டுகளின் தொடக்கத்தையும் பாருங்கள். பாலிமரேஸால் வெறுமையிலிருந்து தொடங்க முடியாது. பொருந்திய ஒரு முனை அதற்கு வேண்டும். தொடங்கி வைப்பது வேறொரு நொதி. அது சுமார் பத்து எழுத்துகளை, டி.என்.ஏ.வின் உறவுப் பொருளான ஆர்.என்.ஏ.வாக எழுதுகிறது. பிடிப்பு ஏதுமின்றித் தொடங்கும்போது பிழை மிகும். ஆகவே அந்தப் பகுதி வேறு பொருளால் எழுதப்படுகிறது, பின்னர் அடையாளம் கண்டு அழித்துவிட்டு டி.என்.ஏ.வால் நிரப்பப்படுகிறது. முதல் வரியைப் பென்சிலில் எழுதிவிட்டு மையால் மேலெழுதுவது போல.

அல்சூர் மெய்ப்பாளர்
பென்சில் உவமையால் எல்லாம் விளங்கியது. ஆனால் என் முதல் கேள்வி இன்னும் காத்திருக்கிறது அம்மா.

யஷ்வந்த்பூர் ஆய்வாளர்
இதோ. ஈ.கோலையில் விடை மிகத் தெளிவானது. ஜி-ஏ-டி-சி (குவானைன், அடினைன், தைமின், சைட்டோசின்) என்ற நான்கெழுத்து வரும் இடங்களிலெல்லாம் அங்குள்ள அடினைன் மீது ஒரு நொதி மெத்தில் என்ற சிறு குறியை இடுகிறது. எழுதி முடித்த உடனே அல்ல, சற்றுத் தாமதமாக. அந்த இடைவெளியில் பழைய இழையில் குறி இருக்கும், புதிய இழையில் இருக்காது. பொருந்தாத இணையை மியூட்-எஸ் என்ற புரதம் கண்டுபிடிக்கிறது. எந்த இழை தவறு என்று அதற்குத் தெரியாது. மியூட்-எல் என்ற இன்னொரு புரதத்தின் துணையோடு மியூட்-எச் என்ற நொதி அருகிலுள்ள ஜி-ஏ-டி-சி இடத்தில் குறி இல்லாத இழையை வெட்டுகிறது. அங்கிருந்து பிழை இருக்கும் இடத்தையும் தாண்டி அந்த இழை அகற்றப்பட்டு மீண்டும் எழுதப்படுகிறது. சில வேளைகளில் ஓர் எழுத்துப் பிழைக்காக ஆயிரம் எழுத்துகள் போகும். உங்கள் அச்சகத்தில் கையெழுத்துப் படியில் 'மூலம்' என்று முத்திரை குத்தி வைப்பது போலத்தான். முத்திரை இல்லாத தாளில்தான் திருத்தம்.

மனித உயிரணுவில் இந்த முத்திரை கிடையாது. அங்கே புதிய இழையை அதன் புதுமையே காட்டிக்கொடுக்கிறது: இன்னும் ஒட்டப்படாத துண்டுகளின் இடைவெளிகள் புதிய இழையில்தான் இருக்கும். தொடர்ச்சியாக எழுதப்படும் இழையில், பாலிமரேஸைப் பிடித்துவைத்திருக்கும் வளையம் எந்தப் பக்கம் நோக்கி இருக்கிறது என்பது புதிய இழை எது என்பதைச் சுட்டுகிறது. பசை காயாத பக்கம் புதியது என்று கண்டுகொள்வது போல. இந்தப் பொருந்தாமை நீக்கத்தை விளக்கியவர்களில் முதன்மையானவர் பால் மாட்ரிச். 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைத் தோமஸ் லிண்டாலோடும் அசீஸ் சான்சாரோடும் பகிர்ந்துகொண்டார்.

ஆடுகோடி மருத்துவர்
இந்த உரையாடலைத் தாமதமாகப் பார்த்தேன். மாட்ரிச் ஆராய்ந்த அந்தப் புரதங்களின் மனித உறவினர்கள் எங்கள் மருத்துவமனையின் நோயியல் அறிக்கைகளில் அன்றாடம் வருகின்றன. எம்.எஸ்.எச்.-2, எம்.எல்.எச்.-1 போன்ற மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் அதை லிஞ்ச் நோய்க்குறி என்கிறோம். பெருங்குடல், கருப்பை உட்சுவர் ஆகியவற்றின் புற்றுநோய் இளவயதிலேயே வரும் வாய்ப்பு அவர்களுக்கு மிகுதி. இத்தகைய கட்டிகளில், ஒரே எழுத்தோ சில எழுத்துகளோ திரும்பத் திரும்ப வரும் பகுதிகளின் நீளம் தாறுமாறாக மாறியிருக்கும். "கககககக" என்று நீளும் வரியைப் பார்த்து எழுதும்போது எத்தனை 'க' என்று கை தடுமாறுமல்லவா? பாலிமரேஸும் அங்கேதான் வழுக்குகிறது, பின்னால் வந்து எண்ணிப் பார்ப்பவர் இல்லாததால் வழுக்கல் அப்படியே நின்றுவிடுகிறது. குடும்பத்தில் பலருக்கு ஐம்பது வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்ட் பொறியாளர்
படியெடுக்கும் நேரத்தில் புதியது எது என்று தெரிகிறது, ஏற்றுக்கொள்கிறேன். படியெடுப்பு முடிந்து, குறியும் இட்டு, துண்டுகளும் ஒட்டியாகிவிட்டது. அதன் பிறகு சும்மா இருக்கும் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து கெட்டால்? வட்டுகளில் இதை அழுகல் என்போம். அப்போது பழைய இழை, புதிய இழை என்ற பேச்சுக்கே இடமில்லையே.

யஷ்வந்த்பூர் ஆய்வாளர்
அழுகல் என்ற சொல் இங்கே மிகப் பொருத்தம். டி.என்.ஏ. உறுதியான பொருள் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், அது உடல் வெப்பத்தில் நீருக்குள் தானாகவே சிதைகிறது என்று அளந்து காட்டியவர் லிண்டால். ஒரு மனித உயிரணுவில் ஒரு நாளில் அடினைன், குவானைன் எழுத்துகள் மட்டும் ஏறத்தாழ 10,000 இடங்களில் கழன்று விழுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட சைட்டோசின்கள் தம் அமினோ தொகுதியை இழந்து யூராசிலாக மாறுகின்றன.

ஆர்.என்.ஏ.வில் யூராசில் இருக்க, டி.என்.ஏ.வில் மட்டும் ஏன் தைமின் என்று கேட்கும் மாணவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தைமின் என்பது ஒரு மெத்தில் குறி கூடிய யூராசில்தான். டி.என்.ஏ.வில் யூராசில் இயல்பான எழுத்தாக இருந்திருந்தால், சைட்டோசின் கெட்டு வந்த யூராசிலையும் பிறவி யூராசிலையும் பிரித்தறிய வழியே இருந்திருக்காது. இப்போது டி.என்.ஏ.வில் யூராசில் எங்கே தென்பட்டாலும் அது அந்நியன். லிண்டால் 1974-இல் அறிவித்த நொதி அதை வெளியே புரட்டி எடுத்து நறுக்குகிறது. பிறகு வேறு நொதிகள் அந்த இடத்தைத் திறந்து, எதிர் இழையைப் பார்த்து நிரப்பி ஒட்டுகின்றன. ஆகவே பொறியாளர் கேட்டதற்கு விடை: இங்கே இரண்டு படிகளை ஒப்பிடத் தேவையில்லை, கெட்ட எழுத்து அகரவரிசையிலேயே இல்லாத எழுத்தாக இருக்கிறது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. நம் டி.என்.ஏ.வில் குவானைனுக்கு முன் வரும் சைட்டோசின்கள் பல இடங்களில் மெத்தில் குறி தாங்கியவை. அவை கெட்டால் யூராசில் வராது, நேரே தைமினாகிவிடும். அகரவரிசைக்குள் இருக்கும் எழுத்து. அப்போது குவானைனுக்கு எதிரே தைமின் நிற்கும். இதற்கென்றே உள்ள நொதிகள் தைமினைத்தான் அகற்றுகின்றன. எந்த இழை மூலம் என்று தெரிந்து அல்ல. இந்தச் சூழலில் தைமின் கெட்டு வந்ததாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்ற 'அனுபவத்தால்'. அந்த அனுபவமும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. அத்தகைய சைட்டோசின்-குவானைன் இணைகள் நம் மரபுத்தொகுதியில் எதிர்பார்க்கும் அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்கின்றன.

அல்சூர் மெய்ப்பாளர்
இதைப் படித்ததும் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். 'பள்ளி' என்றும் 'பல்லி' என்றும் இரண்டு படிகள் இருந்தால், அச்சுக் கோப்பவரின் பழக்கத்தை வைத்து நாங்கள் முடிவு செய்வோம். எங்கள் அச்சகத்தில் ஒருவர் ளகரத்தை எப்போதும் லகரமாக்குவார். அவர் கோத்த பக்கம் என்றால் மூலத்தைப் பார்க்காமலே திருத்திவிடுவேன். ஒருமுறை உண்மையிலேயே பல்லியைப் பற்றிய கட்டுரை அவர் கைக்கு வந்தது. அதன் பிறகு நடந்ததை எழுத விரும்பவில்லை.

ஜயநகர் ஆசிரியை
சான்சாரின் பங்கைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். புற ஊதாக் கதிர் அடுத்தடுத்த இரண்டு தைமின்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். சுருளில் அங்கே ஒரு புடைப்பு. நம் உயிரணு அந்தப் புடைப்பின் இரு பக்கமும் வெட்டி, சுமார் முப்பது எழுத்துகள் கொண்ட துண்டையே எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. இந்த வேலை நடக்காத குழந்தைகளுக்கு ஜீரோடெர்மா பிக்மெண்டோசம் என்ற நோய்; வெயில் பட்ட இடமெல்லாம் தோல் கெட்டுப் புற்றாகும். பழுதுபார்க்கும் குறையே அதன் காரணம் என்று 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். பாக்டீரியாவிலும் தாவரங்களிலும் கங்காருவிலும்கூட, ஒட்டிய தைமின்களை ஒளியின் ஆற்றலாலேயே பிரித்துவிடும் எளிய நொதி இருக்கிறது. நஞ்சுக்கொடி வளர்க்கும் பாலூட்டிகளான நாம்தாம் அதை எங்கோ தொலைத்துவிட்டோம்.

ஒயிட்ஃபீல்ட் பொறியாளர்
கடைசியாக ஒன்று. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால்? இரண்டு வட்டுகளும் ஒன்றாகப் போனது போல.

யஷ்வந்த்பூர் ஆய்வாளர்
அப்போதுதான் மூன்றாவது படி வேண்டும், உங்கள் துறையைப் போலவே. படியெடுப்பு முடிந்து உயிரணு இன்னும் பிரியாமல் இருந்தால், அருகில் உடன்பிறந்த சுருள் இருக்கும். அறுந்த முனையைச் சீவி, அந்த ஒற்றை இழையின் மீது ஒரு புரதம் வரிசையாக ஏறி, அதைத் தூக்கிச் சென்று உடன்பிறப்பில் ஒத்த பகுதியைத் தேடுகிறது. பாக்டீரியாவில் இதன் பெயர் ரெக்-ஏ, நம்மில் ராட்-51. காசநோய்க் கிருமியின் ரெக்-ஏ புரதத்தின் முப்பரிமாண அமைப்பை வெளிக்கொணர்ந்தவர்கள் நம் பெங்களூரில்தான் இருந்தார்கள். பெரியவர்கள் இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழுவினர். உடன்பிறப்பு அருகில் இல்லாத நேரத்தில் உயிரணு இரண்டு முனைகளையும் அப்படியே இழுத்து ஒட்டிவிடும். சில எழுத்துகள் தொலையலாம்; குரோமோசோம் தொலைவதைவிட அது மேல்.

ஆடுகோடி மருத்துவர்
ராட்-51-ஐ இழையின் மீது ஏற்றிவிடுவது பி.ஆர்.சி.ஏ.-2 புரதம். மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களில் பேசப்படும் அதே பெயர்தான். அது பழுதான கட்டி உயிரணுவுக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். இன்னொரு பழுதுநீக்க வழியையும் மருந்தால் அடைத்தால் அது செத்துவிடும், மற்ற உயிரணுக்கள் பெரும்பாலும் தப்பிக்கும். 2014-இல் சூலகப் புற்றுக்கு ஒப்புதல் பெற்ற ஓலாபரிப் அந்த வழியில் வந்த மருந்து.

அல்சூர் மெய்ப்பாளர்
இவ்வளவு காவலும் இருக்கையில், உயிரணு வேண்டுமென்றே பிழை செய்யும் இடம் ஏதேனும் உண்டா? எங்கள் தொழிலில் அப்படி ஒன்று உண்டு. தனக்கு வேண்டாத ஆசிரியரின் பெயரை மட்டும் ஒருவர் எப்போதும் தப்பாகவே விடுவார்.

யஷ்வந்த்பூர் ஆய்வாளர்
உண்டு ஐயா, உங்கள் இரத்தத்திலேயே. எதிர்ப்புப் புரதம் செய்யும் பி-அணுக்களில் ஒரு நொதி, அந்தப் புரதத்தின் மரபணுவில் உள்ள சைட்டோசின்களை வலியச் சென்று யூராசிலாக்குகிறது. 1999-இல் க்யோட்டோவில் தசுகு ஹோஞ்ஜோவின் குழு கண்டறிந்தது. யூராசிலை நீக்க லிண்டாலின் நொதி வருகிறது, பொருந்தாமையைக் கண்டு மாட்ரிச்சின் குழுவும் வருகிறது. ஆனால் வெட்டிய இடத்தை நிரப்ப அங்கே அழைக்கப்படுவது கவனக்குறைவான ஒரு பாலிமரேஸ். பிழைகள் பெருகுகின்றன. அவற்றுள் கிருமியை இறுகப் பற்றும் புரதத்தைத் தரும் பிழை எதுவோ, அந்த அணு மட்டும் பெருக விடப்படுகிறது. திருத்துபவர்களையே கொண்டு பிழை செய்விக்கும் இடம் அது.

அல்சூர் மெய்ப்பாளர்
பேர்த்தி பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கவனக்குறைவான பாலிமரேஸின் பெயர் தேர்வில் வருமா என்று கேட்கிறாள்.

ஜயநகர் ஆசிரியை
வராது. யூராசில் ஏன் இல்லை என்பது வரும். அதைச் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.